திருநீற்றின் மேல் போட்ட பழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் எங்கள் வாடகை வீட்டுக்கு முன்னால் கார் நிற்கிறது. இரண்டு கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு, முன் சீட்டில் மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்திருக்கிறேன். நெஞ்சின் மேல் கேசட் பெட்டி. கார் டேப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாயில் ஒரு ஸ்க்ரூ.

கேசட் நுழையும் மூடிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினேன். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். திருநீறு.

ஸ்க்ரூவைத் துப்பிவிட்டுக் கத்தினேன்.

“பாக்கியம்! இங்க வா.”

என் மனைவி அரிசி களைந்த ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“இது என்னா?”

“துன்னூறு மாரி இருக்கு.”

“மாரியா? துன்னூறேதான். யாரு உள்ளுக்குப் போட்டா?”

“ஆயுத பூசைக்கு மேலாப்புல மூணு கோடு இழுத்தேன். நீங்களும்தான் பாத்துக்கிட்டு நின்னீங்க. உள்ளுக்கெல்லாம் போடல.”

“போடாம அதுவா நடந்து உள்ள போச்சா?”

அவள் என் விரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “தொடச்சிட்டாச் சரியாப் போயிரும்தானே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அரிசி களைந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டே போனது.

இந்த வாரத் தொடரில் இந்தக் காட்சியை எழுதுவதை இரண்டு வாரமாகத் தள்ளிப் போட்டு வந்தேன். ஒரு வாரம் கடலைக் கொல்லையைப் பற்றி எழுதினேன். இன்னொரு வாரம் ஈப்போ சினிமாக் கொட்டகைகளைப் பற்றி எழுதினேன். வாசகர்கள் விடுவதாக இல்லை. “எல்லாரையும் பற்றி எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே” என்று சிலிம் ரிவரிலிருந்து ஓர் அம்மாள் கேட்டு எழுதியிருந்தார். சரி அம்மா, எழுதுகிறேன்.

கடைசியாக யார் தொட்டது?

அப்போது நான் ஈப்போ டவுனில் ஒரு சீனர் கடையில் ஒயர்மேன். காருக்கு ரேடியோ, கேசட் பெட்டி, ஸ்பீக்கர் எல்லாம் பொருத்திக் கொடுக்கிற கடை. முதலாளிக்குப் பெயர் இருந்தது. ஆனால் வேலை செய்கிறவர்கள், வாடிக்கையாளர்கள், அவர் மனைவி உட்பட எல்லாரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிட்டோம்.

கோளாறு என்று எந்தக் கார் உள்ளே வந்தாலும் தவுக்கே பானெட்டைத் திறக்கமாட்டார். டெஸ்ட் லேம்ப்பை எடுக்கமாட்டார். முதலில் கேட்பது ஒரே கேள்வி. “சியாப்பா லாஸ்ட் பெகாங்?” கடைசியாகத் தொட்டது யார்?

பத்துக்கு எட்டுத் தடவை அந்தக் கேள்வியிலேயே வேலை முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், ரேடியோவில் செய்தி வாசிக்கும்போதெல்லாம் கரகரக்கிறது என்று மூன்று முறை வந்தார். மூன்று முறையும் பார்த்தோம், ஒன்றும் இல்லை. நான்காவது முறை தவுக்கே தன் கேள்வியைக் கேட்டார். பெரியவருக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது, என் பக்கம் திரும்பினார். “நான் ஒண்டையும் தொடயில்லை தம்பி. என்ர சாமான் என்ர இடத்தில இருக்கு” என்றார். அவர் சாமான் என்றது டிபன் கேரியரை. சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர் ஒயரை நசுக்கிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. மத்தியானச் செய்திக்கு முன்னால்தான் அவர் சாப்பிட்டுவிட்டு அதை அங்கே தள்ளி வைப்பார்.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டு போனேன். தேத்தண்ணியில் சீனி அதிகமா, கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறதா, எதுவாக இருந்தாலும் யார் கடைசியாகத் தொட்டது? எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு பேர். கேட்பவன் நான் என்றால், பதில் சொல்ல வேண்டியவள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஏ பக்கம், பி பக்கம்

கார் ஒரு பழைய ஜப்பான் கார். மூன்றாவது கையாக வாங்கியது. வாங்கியதும் வெளிர் நீலத்தில் பெயிண்ட் அடித்தேன். வெளியே மட்டும் இல்லை, கதவு இடுக்கு, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற தகடு எல்லாம் நீலம். புந்தோங்கில் எங்கள் வரிசையில் அப்போது கார் வைத்திருந்தது நான் ஒருவன்தான். தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

நான் பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். லயத்து வீடுகளுக்கு நடுவில் இருக்கிற பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆறு வீட்டுக்கு ஒரு ரேடியோ, அதுவும் கார் பேட்டரியில் ஓடுவது. ஒரு வீட்டில் பாட்டு வைத்தால் ஆறு வீடும் கேட்கும். ஒரு வீட்டில் சண்டை நடந்தாலும் ஆறு வீடும் கேட்கும். எனக்கென்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, எனக்கென்று ஒரு பாட்டைக் கேட்க வேண்டும் என்பது அங்கே பிடித்த ஆசை. அந்த ஆசை நிறைவேறிய பிறகு அதைத் தூக்கிச் சுமந்த கதையைத்தான் இப்போது சொல்கிறேன்.

கேசட் பெட்டியை நானே பொருத்தினேன். கடையில் இசைத்தட்டுகளிலிருந்து பாட்டுகளைப் பதிந்து ஒரு கேசட் கொண்டு வந்தேன். ஏ பக்கம் பாக்கியம் கேட்ட பாட்டுகள், பி பக்கம் என்னுடையவை. கல்யாணம் ஆகி ஆறு வருடத்தில் அவள் என்னிடம் வாய் விட்டுக் கேட்ட சாமான்கள் குறைவு. அந்த ஏ பக்கம் அதில் ஒன்று.

முதல் வாரம் பாட்டு மணி மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் குரல் இழுக்க ஆரம்பித்தது. பாடுகிற அம்மாளுக்குப் பாதிப் பாட்டில் தூக்கம் வந்தது போல, சொல் நீண்டு, குழைந்து, கனத்து, பிறகு திடீரென்று நிமிர்ந்துகொள்ளும். கூடவே ஒரு கரகரப்பு. அதுவும் சரியாக ஏ பக்கம் ஓடும்போதுதான் வரும் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூசை. அவள் காருக்குச் சந்தனம் வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கேசட் பெட்டிக்கும் திருநீறு பூசியிருந்தாள். கடைசியாகத் தொட்டது யார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

ஒன்பது நாள் கணக்கு

விரலில் ஒட்டிய திருநீறு ஒரு சிட்டிகைகூட இருக்காது. மூடியின் இடுக்கு வழியாகக் காற்றில் போயிருக்கும். ஆனாலும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, பெட்டிக்குள் கேசட் நாடா உரசுகிற தலையைத் துடைத்தேன், நாடாவை இழுக்கிற ரப்பர் உருளையைத் துடைத்தேன், திரும்ப மாட்டினேன். பாட்டு பழையபடி கணீரென்று வந்தது. பார்த்தாயா என்கிற மாதிரி அவளைப் பார்த்தேன்.

ஒன்பது நாள் பாடியது. பத்தாம் நாள் மறுபடியும் இழுத்தது.

“திரும்பப் போட்டியா?”

“சத்தியமாத் தொடல.”

கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். மறுபடியும் ஒரு வாரம் நன்றாகப் பாடியது. துடைத்தால் சரியாகிறது, விட்டால் கெடுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஏதாவது ஒரு நியாயவான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவரும் என்னைப் போலவேதான் தீர்ப்புச் சொல்லியிருப்பார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது முறை ஒரு வெள்ளிக்கிழமை. வேலைக்குக் கிளம்பக் கார்க் கதவைத் திறந்தேன். டேஷ்போர்டின் மேல், ஸ்டியரிங்குக்கு நேராக, புதிதாக ஒரு திருநீற்றுத் தீற்று. அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பயப்படவில்லை. ஒளிக்கவும் இல்லை.

“பெட்டியில வெக்கல. மேலதான் வெச்சேன். ஒம்போது வெள்ளி, வீட்டுக்காரரு பொழப்புக்கு ஒதவுற சாமான்ல கோயில் துன்னூறு வெக்கப் பூசாரி சொன்னாரு. இன்னைக்குத்தான் மொத வெள்ளி. பிள்ளைக்கு வேண்டிக்கிட்டது.”

பிள்ளை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் அதிகம் புழங்காது. புழங்காததற்குக் காரணம் நான்.

அதற்கு ஒரு வருடம் முன்னால் அவள் தானாகவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாச் சோதனையும் செய்துகொண்டு வந்திருந்தாள். அவளிடம் ஒரு கோளாறும் இல்லையாம். புருஷனையும் அழைத்து வரச் சொன்னார்களாம். “நான் என்னா ரோசாக்கான பெட்டியா, கழட்டிப் பாக்க?” என்று கேட்டேன். ரோசாக் என்றால் கெட்டுப்போனது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வரிசையில் உள்ள பெண்கள் அவளை விசேஷங்களுக்கு முன்னால் நிற்க விடுவதில்லை என்று எனக்குத் தெரியும். பின்னால் என்ன பெயர் சொல்லிப் பேசினார்கள் என்பதும் தெரியும். மலடி. நான் காதில் வாங்கிக்கொள்ளாத மாதிரி காரைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை, டேஷ்போர்டைத் துடைத்த துணியை அவள் காலடியில் போட்டுவிட்டு நான் சொன்னது இது:

“நீ தொட்டது எதுதான் தொலங்கியிருக்கு?”

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வாய் தவறவில்லை. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அவள் துணியைக் குனிந்து எடுத்தாள். கொடியில் காயப் போட்டாள். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் மூடி வைத்திருந்தது. அவள் இல்லை. துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு தெலுக் ஆன்சன் பஸ்ஸில் ஏறியதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தாராம். அதற்கும் அப்பால், பாகான் டத்தோவில் அவளுடைய அண்ணன் இருந்தார்.

பாடாத கார்

இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு பொங்கலுக்கு வருவாள் என்று நினைத்தேன். நான் போய்க் கூப்பிட்டால் தப்பு என் மேல் என்று ஆகிவிடும் என்பதால் போகவில்லை. கேசட் பெட்டியைக் கழற்றி அலமாரியில் அவளுடைய சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். டேஷ்போர்டில் அது இருந்த இடம் ஓட்டையாகவே கிடந்தது.

கிட்டத்தட்ட மூன்று வருடம். கடையில் பகல் முழுவதும் மற்றவர்கள் காரில் பாட்டு வைத்துச் சோதித்துப் பார்ப்பேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் கொசு ரீங்கரிக்கிறது என்று வருவார்கள், கொசுவைப் பிடித்துக் கொடுப்பேன். டாக்சிக்காரர் ஒருவர், பயணிகள் குடும்பக் கதை பேசித் தொல்லை தருகிறார்கள் என்று பின்னால் மட்டும் ஸ்பீக்கர் வைக்கச் சொன்னார். வைத்துக் கொடுத்துவிட்டு, என்னுடைய வாயடைத்த காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். பார்சல் மீ நூடுல்ஸைப் பிரித்து நின்றுகொண்டே தின்பேன். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரில் இருக்கும் நாற்காலி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிக் கார் ஓட்டுவேன். பாட்டு இல்லாத காரில் எல்லாச் சத்தமும் கேட்கும். ஆஷ்ட்ரே ஆடுகிற சத்தம், பின் கதவு ரப்பர் சத்தம், ஸ்டெப்னி டயர் சத்தம். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அடக்கினேன். கடைசியில் என் கார் அளவுக்குச் சத்தமில்லாத பழைய கார் ஈப்போவிலேயே இருந்திருக்காது. எனக்கு அப்போது ஒண்டியாக இருந்தது. இதற்கு வேறு நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் தவுக்கே என் காரில் ஏறிக் காய்கறிப் பாசாருக்கு வந்தார். ஓட்டையைப் பார்த்தார். மறுநாள் குத்தகைக்காரர் ஒருவர் புது செட் வைத்துக்கொண்டு, பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். பழையதென்றால் ஒரு வருடம்கூட ஆகாதது. கேசட் பெட்டி, பச்சையும் சிவப்புமாக விளக்கு எரியும் ஈக்குவலைசர், பூஸ்டர், பின்னால் வைக்க முட்டை வடிவில் இரண்டு பெரிய ஸ்பீக்கர். தவுக்கே அந்த மூட்டையை என் பக்கம் காலால் தள்ளினார்.

“லூ அம்பில் லா. லூ புன்யா கெரேத்தா மச்சாம் குபூர்.”

எடுத்துக்கொள், உன் கார் கல்லறை மாதிரி இருக்கிறது என்றார்.

கறுப்பு ஒயர்

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆசையாக வேலை செய்தேன். பின்கண்ணாடிக்குக் கீழே பலகையை அறுத்து ஸ்பீக்கர்களைப் பதித்தேன். ஒயரெல்லாம் புதிது. பழைய ஒயர்களில் ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். கறுப்பு ஒயர், எர்த். அது எட்டாத இடத்தில் ஒழுங்காக முறுக்கி இருந்ததால் அதிலேயே புதுப் பெட்டியையும் சேர்த்துவிட்டேன்.

அலமாரியைத் திறந்து, பழைய பெட்டிக்குள்ளேயே கிடந்த கேசட்டை எடுத்தேன். பி பக்கத்தைப் போட்டுக்கொண்டு கோப்பேங் சாலையில் கிளம்பினேன். அடேயப்பா, என்ன சத்தம்! முதுகுக்குப் பின்னால் மேளக்காரர்கள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. விளக்குகள் ஏறி இறங்கின. நான் சிரித்தேகூட இருப்பேன்.

கோப்பேங் வருவதற்குள் குரல் இழுத்தது.

அதே இழுப்பு. அதே கரகரப்பு. புதுப் பெட்டி, புது ஸ்பீக்கர், திருநீறு என்கிற பேச்சே இல்லாத கார். மூன்று வருடமாகப் பாக்கியம் ஏறாத கார்.

காரை ஓரமாக, ஒரு ரப்பர் மரத்து நிழலில் நிறுத்தினேன். பாட்டை ஓட விட்டபடியே, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து வந்து பெட்டியின் முதுகில் தொட்டேன். குரல் சட்டென்று நிமிர்ந்தது. எடுத்தேன், இழுத்தது. தொட்டேன், நிமிர்ந்தது. பச்சைப் பிள்ளைக்குக்கூட விளங்கும். எர்த் சரியில்லை.

கேசட் பெட்டிக்குப் போகிற கரண்ட், வேலை முடிந்ததும் கறுப்பு ஒயர் வழியாகக் காரின் தகட்டில் இறங்கித் திரும்ப வேண்டும். திரும்புகிற வழி அடைபட்டால் மோட்டாருக்கு வலு போய்விடும், பாட்டு இழுக்கும். அதனால் எர்த் ஒயரை முடுக்குகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, வெறும் இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகுதான் முடுக்க வேண்டும். கடையில் புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அது.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். கறுப்பு ஒயர் வெளிர் நீலப் பெயிண்டின் மேல் முடுக்கியிருந்தது. சுரண்டிய அடையாளமே இல்லை. புதுப் பெயிண்ட் பாழாகிவிடும் என்று நான்தான் சுரண்டாமல் விட்டேன். முடுக்கிய நாள்கூட ஞாபகம் வந்தது. ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கழற்றித் துடைத்து உள்ளே தள்ளும்போது ஒயர் முறுக்கிக்கொண்டு, ஸ்க்ரூ பெயிண்டில் கொஞ்சம் கடித்திருக்கிறது. ஒரு வாரம் பாடியிருக்கிறது. ரோட்டுக் குலுக்கலில் தளர்ந்ததும் இழுத்திருக்கிறது. துடைத்தது எதற்கும் பிரயோசனமே இல்லை.

சியாப்பா லாஸ்ட் பெகாங்? அந்த ஒயரை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நான் காருக்குள் மல்லாந்து படுத்தபடி கற்றுக்கொண்டேன்.

அங்கேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நீலம் போய் இரும்பு தெரிந்தது. முடுக்கினேன். வேலை ஐந்து நிமிடம்கூட இல்லை.

பாகான் டத்தோ

அடுத்த ஞாயிறு கிளம்பிவிட்டேன். கம்பார், தாப்பா, பீடோர். தெலுக் ஆன்சனுக்குப் பெயர் மாற்றிப் பலகையெல்லாம் புதிதாக எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஊத்தான் மெலிந்தாங் தாண்டிவிட்டால் நிலம் தட்டையாகிவிடும். இரண்டு பக்கமும் தென்னை, நடுவில் வாய்க்கால், கொப்பரை வாட்டுகிற புகை வாசம்.

பாக்கியத்தின் அண்ணன் முனியாண்டி வாசலுக்கு வந்தார். “வாங்க மச்சான்” என்றார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, தோப்புப் பக்கம் நடந்துவிட்டார்.

அவள் கொட்டகையில் உட்கார்ந்து, உடைத்த தேங்காயிலிருந்து பருப்பைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “சாப்டீங்களா?”

“சாப்டேன்” என்று பொய் சொன்னேன். பிறகு நின்றபடியே சொன்னேன். “அந்தப் பெட்டி இழுத்திச்சே, அதுக்குத் துன்னூறு காரணமில்ல. எர்த் ஒயரு. நாந்தான் பெயிண்டச் சொரண்டாம மாட்டிட்டேன்.”

அவள் கை நிற்கவில்லை.

“இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“ஆமா.”

“ஒயரு தப்பக் கண்டுபுடிக்க மூணு வருசம்.” ஒரு பருப்பைத் தோண்டித் தட்டில் போட்டாள். “இன்னொண்ணு இருக்கே. அத எப்பத் தொறந்து பாக்கப் போறீங்க?”

வீடு திரும்பும் வழியில் பாட்டு வைக்கவில்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டாம் முறை வரச் சொல்லி, மூன்றாம் முறை வரச் சொல்லி, ஒரு மாதம் இழுத்தார்கள். கடைசியில் தமிழ் டாக்டர் ஒருவர், என்னைவிடச் சின்னவர், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பிள்ளை பிறக்க வழியில்லையாம். விடலை வயதில் வந்த அம்மைக்கட்டால் இருக்கலாமாம். “யார் மேலயும் தப்பில்ல அண்ணே” என்று சேர்த்துக்கொண்டார். நல்ல பிள்ளை.

ஏ பக்கம்

ஆஸ்பத்திரிக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் பாகான் டத்தோ போனேன். பாக்கியம் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். காகிதத்தை நீட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனாலும் வாங்கி, விரித்து, மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். மடிப்பு மாறாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்குத் தெரிஞ்சதுதானே. நீங்களே வெச்சுக்கோங்க.”

“வா பாக்கியம். வீட்டுக்குப் போலாம்.”

“புந்தோங்குல சொல்லிட்டீங்களா?”

“என்னாத்த?”

“கோளாறு யாருகிட்டன்னு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட. கோயில்ல என்னைய ஆரத்தித் தட்டத் தொடக் கூடாதுன்னு சொன்னாங்களே, அவங்ககிட்ட. யாருகிட்டயாச்சும்.”

நான் காரின் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. சொல்வேன் என்றும் வாயில் வரவில்லை. அப்போதே ஒரு வார்த்தை, சும்மாவாவது, சொல்லியிருக்கலாம். அவள் எனக்கு அதற்குப் போதுமான நேரம் கொடுத்தாள்.

பிறகு அவளே பேச்சை மாற்றினாள். “பெட்டி இப்ப இழுக்கலயா?”

“இழுக்கல. கேட்டுப் பாக்கறியா?”

முன் கதவைத் திறந்தாள். சீட்டில் உட்கார்ந்தாள். ஆனால் காலை உள்ளே எடுத்து வைக்கவில்லை. இரண்டு காலும் வெளியே, மணலில். செருப்பில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது. நான் என் பக்கம் ஏறி ஏ பக்கத்தைப் போட்டேன்.

முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. அவள் தோப்பைப் பார்த்தபடி கேட்டாள். விளக்குகள் பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்குவதைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. நான் பாட்டைக் கேட்கவே இல்லை, அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும் என்று எந்தச் சாமியிடமோ வேண்டினேன். நாலாவது பாட்டில் ஒரு கால் லேசாகத் தாளம் போட்டது. மணலில்தான் போட்டது.

ஏ பக்கம் முடிந்து, பெட்டி டக்கென்று நின்றது.

“நல்லா இருக்கு. எங்கயும் இழுக்கல.”

எழுந்தாள். “பாத்துப் போங்க. தெலுக் ஆன்சன் ரோட்ட நோண்டிப் போட்டிருக்கானுங்க” என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

மெதுவாகச் சாத்தியதில் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. ஊத்தான் மெலிந்தாங்கிலேயே கடகடவென்று ஆட ஆரம்பித்தது. காரில் ஒரு சத்தம் வந்தால் பொறுக்காத ஆள் நான். நிறுத்தி, அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஒரு அறை அறைந்து சாத்துவது ஒரு வேலையே இல்லை. ஈப்போ வரைக்கும் நான் அதைச் சாத்தவில்லை.

அதற்குப் பிறகு நான் பாகான் டத்தோ போகவில்லை, அவளும் புந்தோங் வரவில்லை. காரை விற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பாக்கியம் இன்னும் அண்ணன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறாள். அண்ணன் மகள் இந்த வார இதழை வாங்கி அவளுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. மீதி இருப்பவர்கள் இதைப் படித்தால், படிக்காதவர்களிடமும் சொல்லுங்கள்.

கோளாறு அவளிடம் இல்லை. என்னிடம்தான்.